பூட்டு திறக்கவில்லை என்றால் என்ன ஆகும்? ஆர்பிஜி சிஸ்டமும் உலகமும் தேர்ந்தெடுப்பது

நாலைந்து பேர் சேர்ந்து டேபிள்டாப் ஆர்பிஜி (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஆடலாம் என்று முடிவானதும் முதலில் எழும் கேள்வி "எந்த உலகம்?" என்பதுதான். ஒருவருக்கு டிராகன் வேண்டும், இன்னொருவருக்கு விண்கலம் வேண்டும். பேசிப் பேசி ஓர் உலகத்தை ஒப்புக்கொண்டு, அட்டைப்படத்தைப் பார்த்து ரூல்புக் வாங்கி, நான்காவது செஷனில் (அமர்வில்) ஆட்டம் படுத்துவிடும். பழி பெரும்பாலும் உலகத்தின் மேல் விழும், இல்லையென்றால் கதையை நடத்தும் ஜிஎம் தலையில் விழும். ஆனால் பல நேரம் கோளாறு சிஸ்டம் (விதித்தொகுப்பு) தேர்வில்தான் இருக்கிறது. குழு ஆட நினைத்தது ஒன்று, அந்த விதிகள் ஆட வைத்தது இன்னொன்று.

ஒரு சிஸ்டம் உங்களை எதை ஆட வைக்கும் என்று அறிய முந்நூறு பக்கம் படிக்க வேண்டாம். பகடை காலை வாரும்போது என்ன நடக்கும் என்று விதி சொல்கிறதோ, அதை மட்டும் படியுங்கள். பகடை வென்றால் எல்லா சிஸ்டத்திலும் ஏறக்குறைய ஒரே கதைதான்: நினைத்தது நடக்கும். தோற்றால் என்ன என்பதில்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டும்.

ஒரே கதவு, ஐந்து சிஸ்டம்

ஒரு கிடங்கின் பின்வாசல். கதவில் பூட்டு. திருட்டுத் தொழில் தெரிந்த கேரக்டர் கம்பியோடு குந்தியிருக்கிறார். விளக்கேந்திய காவலர் இருவர் மூலை திரும்ப இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டிஅண்ட்டி) ஐந்தாம் பதிப்பில் முதல் லெவல் ரோக் (திருட்டுத் தொழில் கேரக்டர்) ஒருவருக்குக் கைவேகத்துக்கு +3, கருவிப் பயிற்சிக்கு +2, ஆக +5 என்று வைப்போம். நடுத்தரப் பூட்டுக்கு இலக்கு எண் 15. டி20 (இருபது முகப் பகடை) உருட்டி 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். சாதகம் கிடைத்து இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்தால் ஏறக்குறைய 80 சதவீதம். விழவில்லை என்றால் பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான். மறுபடி முயலலாமா, சத்தம் கேட்டதா, காவலர் வந்துவிட்டார்களா என்பதெல்லாம் ஜிஎம் பொறுப்பு.

கால் ஆஃப் கதூலு ஏழாம் பதிப்பில் பூட்டுத் திறக்கும் ஸ்கில் 50 என்றால் 1 முதல் 100 வரை விழும் பகடையில் 50 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். தோற்றால் ஒருமுறை 'புஷ்' செய்யலாம். அதற்குக் கூடுதலாக என்ன மெனக்கெடுகிறார் என்று ப்ளேயர் சொல்ல வேண்டும்: கம்பியை விட்டுவிட்டுக் கடப்பாரையை நுழைக்கிறேன், உடைந்தாலும் பரவாயில்லை. இதிலும் தோற்றால் முதல் தோல்வியைவிட மோசமான விளைவு நிச்சயம். ப்ளேயர் தானாகவே கழுத்தை நீட்டும்படி விதி அமைந்திருக்கிறது.

டன்ஜன் வேர்ல்டில் இரண்டு ஆறுமுகப் பகடையோடு கைவேகத்தைக் கூட்டுவார்கள். 10 அல்லது மேலே என்றால் சுத்தமாகத் திறக்கும். 7 முதல் 9 வரை என்றாலும் திறக்கும், ஆனால் சந்தேகம், ஆபத்து, நஷ்டம் மூன்றில் இரண்டை ஜிஎம் முன்வைப்பார், ப்ளேயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 6 அல்லது கீழே என்றால் அடுத்த அடி ஜிஎம் கையில். ஆனால் ப்ளேயர் ஓர் அனுபவப் புள்ளி குறித்துக்கொள்கிறார்.

பிளேட்ஸ் இன் த டார்க்கில் உருட்டும் முன்பே "இது எவ்வளவு ஆபத்து, வென்றால் எவ்வளவு பலன்" என்று ஜிஎம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கைவசம் உள்ள ஆறுமுகப் பகடைகளை உருட்டி உயர்ந்த ஒன்றை மட்டும் பார்ப்பார்கள். 6 என்றால் வெற்றி; 4, 5 என்றால் வெற்றியோடு ஒரு வினை (பாதக விளைவு); 3 வரை என்றால் வினை மட்டும். அந்த வினையையும் ப்ளேயர் 'எனக்கு வேண்டாம்' என்று தள்ளலாம். அதற்கு இன்னொரு முறை உருட்டி, ஆறிலிருந்து உயர்ந்த பகடையைக் கழித்து மீதியை மன அழுத்தமாக ஏற்க வேண்டும். அழுத்தக் கட்டங்கள் மொத்தம் 9. நிரம்பினால் கேரக்டருக்கு நிலையான ஒரு மன வடு. நான்கு வடு சேர்ந்தால் அந்தக் கேரக்டரின் தொழில் வாழ்க்கை முடிந்தது.

கெய்ர்னில் பூட்டுத் திறக்கும் ஸ்கில் என்று ஒன்றே கிடையாது. கருவி இருக்கிறதா, நேரம் இருக்கிறதா? இருந்தால் திறக்கும். நேரம் இல்லை, ஆபத்து உண்டு என்றால் மட்டுமே டி20 உருட்டித் தன் திறன் எண்ணுக்குச் சமமாகவோ கீழேயோ விழவைக்க வேண்டும்.

இப்போது உங்கள் குழுவை இந்தக் கதவின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். "சரி, காவலர் வரட்டும், சண்டை போடுவோம்" என்று வாள்களை உருவும் குழுவா? "ஐயோ, எதை விட்டுக்கொடுப்பது" என்று பதறுவதை ரசிக்கும் குழுவா? "கீலைக் கழற்றலாமே, எண்ணெய் கொண்டுவந்தோமே" என்று பகடையைத் தொடாமல் யோசிக்கும் குழுவா? மூன்றும் நல்ல ஆட்டம்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே சிஸ்டம் சரிவராது.

தேர்வுக்கு முன் நான்கு எண்கள்

எத்தனை பேர், ஒரு செஷன் எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை செஷன், வாரத்துக்கு ஜிஎம் எத்தனை மணி நேரம் தயாராக முடியும். இந்த நான்கையும் தாளில் எழுதிவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடியும்.

ஆறு பேர், இரண்டரை மணி நேரம் என்றால் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு வேண்டாம். ஒரு பெரிய சண்டையே செஷனைத் தின்றுவிடும். இரண்டு ப்ளேயர் மட்டும் என்றால் டிஅண்ட்டி திணறும். ஒரு சுற்றில் எந்தப் பக்கத்துக்கு அதிக முறை கை ஓங்க வாய்ப்போ அந்தப் பக்கமே அதில் பெரும்பாலும் வெல்லும். இருவரை ஐந்து கோப்ளின் (குட்டிப் பூதங்கள்) சூழ்ந்தால் கதை முடிந்தது. மூன்று செஷன்தான் என்றால், 1 முதல் 20 வரை லெவல் ஏறும் சிஸ்டத்தின் சுவையில் பெரும்பகுதி கைக்கே எட்டாது. ஜிஎம்முக்கு வாரம் அரைமணி நேரம்தான் கிடைக்கும் என்றால், பிளேட்ஸ் போல மேஜையிலேயே உருவாகும் ஆட்டமோ, அச்சில் வந்த தயார் சாகசமோதான் வழி.

டிஅண்ட்டியா, பாத்ஃபைண்டரா?

பெரும்பாலான குழுக்கள் வந்து நிற்கும் இடம் இதுதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டிஅண்ட்டியின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதன் திருத்திய நூல்கள் 2024இல் வரத் தொடங்கின. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு 2019. இரண்டுமே டி20, லெவல், வகுப்பு (கேரக்டரின் தொழில்வகை), ஸ்பெல் (மந்திரம்) கொண்ட சண்டை ஆட்டங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். மேஜையில் நடத்தை வேறு.

டிஅண்ட்டியில் உங்கள் முறை வந்தால் நகர்வு, ஒரு செயல், சிலருக்கு ஒரு போனஸ் செயல். புதியவருக்குப் பத்து நிமிடத்தில் பிடிபடும். பாத்ஃபைண்டரில் எல்லாருக்கும் மூன்று செயல். நகர்வது ஒன்று, அடிப்பது ஒன்று, கேடயத்தை உயர்த்துவது ஒன்று, பல ஸ்பெல்களுக்கு இரண்டு. மூன்று முறையும் அடிக்கலாம், ஆனால் இரண்டாவது அடிக்கு -5, மூன்றாவதுக்கு -10. இந்தத் தண்டனை ஏன் என்று புரியாமல் ஆடும் குழு மூன்றாவது அடியை வீணடித்து வீணடித்துச் சலித்துப்போகும். புரிந்துகொண்ட குழு அந்த மூன்றாவது செயலில் எதிரியை மிரட்டும், விலகி நிற்கும், நண்பனுக்கு உதவும். பாத்ஃபைண்டரின் உயிர் அந்த மூன்றாவது செயலில் இருக்கிறது.

இலக்கை 10 தாண்டினால் அதிவெற்றி, 10 குறைந்தால் படுதோல்வி என்பது பாத்ஃபைண்டரின் இன்னொரு தூண். +5 உள்ளவர் இலக்கு 15ஐ நோக்கி உருட்டும்போது ஒரே ஒரு +1 சேர்ந்தால், அடி விழும் வாய்ப்பு 5 சதவீதம் கூடுகிறது, அதிவெற்றி வாய்ப்பும் இன்னொரு 5 சதவீதம் கூடுகிறது. அதனால் சின்னச் சின்ன உதவிக்கு அங்கே நிஜமான விலை உண்டு. அதே காரணத்தால் கணக்கு எழுதப் பிடிக்காதவருக்கு அது ஒரு சுமை. மேஜையில் ஒருவராவது +1, -2 எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மறந்தால் சிஸ்டம் ஓடும், ஆனால் சுவை போய்விடும்.

ஜிஎம் பக்கம் பார்த்தால் பாத்ஃபைண்டர்தான் நம்பகமானது. நான்கு பேருக்கு நடுத்தரச் சண்டை 80 புள்ளி, கடுமையான சண்டை 120 புள்ளி. குழுவின் லெவலில் உள்ள ஓர் எதிரி 40, இரண்டு லெவல் கூடியவர் 80. கணக்கு போட்டால் சண்டை பெரும்பாலும் அப்படியே அமையும். டிஅண்ட்டியில் சண்டைக் கணக்கு அவ்வளவு கறாராக வராது. 2014 விதிகள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர, கடினச் சண்டைகளை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. பல குழுக்கள் கதைநாள் ஒன்றுக்கு ஒரே ஒரு சண்டைதான் போடுகின்றன. அப்போது மந்திரவாதியான விசர்ட் தன் பெரிய ஸ்பெல்களை எல்லாம் அந்த ஒரு சண்டையிலேயே கொட்டிவிடுவார். ஃபைட்டர் ஆடும் நண்பர் வாளைச் சுழற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார். "ஃபைட்டர் வீக்" என்று வகுப்பின் மேல் குறை சொல்வார்கள். கோளாறு, செலவான ஸ்பெல்கள் எத்தனை சண்டைக்குப் பிறகு ஓய்வில் திரும்பக் கிடைக்கின்றன என்ற கணக்கில். பயணம், நகரம், அரசியல் என்று மெதுவாக ஓடும் கதைக்கு டிஅண்ட்டியை எடுத்தால் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். எளிய வழி: நீண்ட ஓய்வு ஒரு வாரம், குறுகிய ஓய்வு ஓர் இரவு என்று வைப்பது. இது 2014 ஜிஎம் நூலிலேயே உள்ள மாற்று விதி.

புதியவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் டிஅண்ட்டி. எல்லாருக்கும் தந்திரச் சண்டை பிடிக்கும், கேரக்டரைச் செதுக்கச் செதுக்க ஆசை என்றால் பாத்ஃபைண்டர். சண்டை இரண்டாம்பட்சம் என்று குழு சொன்னால் இரண்டுமே வேண்டாம்; விதிகளில் முக்கால்வாசி சண்டைக்கானவை என்னும்போது அவற்றைத் தூக்கிச் சுமக்க என்ன அவசியம்?

கதை முன்னே ஓட வேண்டும் என்றால்

வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதிய அபோகலிப்ஸ் வேர்ல்ட் 2010இல் வந்த பிறகு, அதே எலும்புக்கூட்டில் பல ஆட்டங்கள் வந்தன. டன்ஜன் வேர்ல்ட் அவற்றில் ஒன்று. இவற்றின் ரகசியம் 7 முதல் 9 வரையிலான அந்த நடுப்பகுதி. கூட்டல் எண் +1 உள்ள ஒருவர் இரண்டு பகடை உருட்டினால் முழு வெற்றி 28 சதவீதம், தோல்வி 28 சதவீதம், நடுப்பகுதி 44 சதவீதம். அதாவது ஏறக்குறைய பாதி நேரம் "நடக்கும், ஆனால்" என்ற பதில்தான் வரும். அந்த 'ஆனால்' ஒவ்வொரு தடவையும் புதிதாக வேண்டும்.

இங்கேதான் புதிய ஜிஎம்கள் மூச்சு வாங்குகிறார்கள். மூன்று மணி நேரச் செஷனில் இப்படிப் பத்துப் பதினைந்து சிக்கல்களைக் கண்டுபிடித்தாக வேண்டும். எட்டாவது தடவை கை வறண்டு "உங்களுக்கு அடிபடுகிறது" என்று உயிர்ப்புள்ளியைக் குறைத்துவிட்டால் ஆட்டம் தட்டையாகிவிடும். இதைத் தவிர்க்க, செஷனுக்கு முன் ஒரு சீட்டில் ஏழெட்டுச் சங்கடங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கயிறு அறுகிறது, கூட்டாளி பயந்து ஓடுகிறார், யாரோ முகத்தைப் பார்த்துவிட்டார், விளக்கு அணைகிறது, எதிரிக்கு ஒரு நிமிடம் முன்னமே சேதி போய்விட்டது. பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். இன்னொன்று: தேவையில்லாத இடத்தில் உருட்டச் சொல்லாதீர்கள். விதியில் குறிப்பிட்ட செயல் நடந்தால் மட்டுமே பகடை. டிஅண்ட்டி பழக்கத்தில் "கவனிச்சுப் பார்க்கிறேன், உருட்டட்டுமா?" என்று எல்லாவற்றுக்கும் உருட்டினால் சிக்கல் மேல் சிக்கல் விழுந்து கதை நகராது.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் 2017இல் வந்தது. ஒரு கொள்ளைக் கும்பலின் கதைக்கு இதைவிடப் பொருந்தும் சிஸ்டம் இல்லை என்றே சொல்லலாம். திட்டம் போடுவதிலேயே இரண்டு மணி நேரம் போவது கொள்ளைக் கதைகளின் பழைய நோய். பிளேட்ஸ் அதை வெட்டிவிடுகிறது: என்ன வகைத் திட்டம், அதன் ஒரே ஒரு விவரம், எவ்வளவு சுமை எடுத்துப் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு நேரே காரியத்தின் நடுவில் குதிக்கலாம். தேவைப்படும்போது "நேற்றே அந்தக் காவலருக்குக் காசு கொடுத்து வைத்திருந்தேன்" என்று பின்னோக்கிக் காட்டலாம். எளிதானதென்றால் செலவில்லை, கடினமானதென்றால் ஒன்று, இரண்டு அழுத்தம். திட்டம் போடுவதே சுகம் என்று நினைக்கும் ப்ளேயருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துப்பறிதலும் திகிலும்

1981இல் வந்த கால் ஆஃப் கதூலுவின் விதியில் ஒரு பள்ளம் உண்டு. நூலகத்தில் தேடும் ஸ்கில் 50 உள்ளவர் தோற்றால், அந்தத் துப்பு இல்லாமல் கதை நகராது என்றால், மேஜை மௌனமாகிவிடும். இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, ஜிஎம் தயாரிப்பில்: ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் மூன்று தனித்தனித் துப்புகள், மூன்று வெவ்வேறு இடங்களில். குழு ஒன்றைத் தவறவிடும், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்ளும், மூன்றாவது வேலை செய்யும். இரண்டாவது, சிஸ்டத்தையே மாற்றுவது. ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிகளில், 2008இல் வந்த ட்ரெய்ல் ஆஃப் கதூலு உட்பட, சரியான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் துப்பு பகடை இல்லாமலே கிடைத்துவிடும். ஆட்டத்தின் எடை, துப்பு கிடைக்குமா என்பதிலிருந்து, கிடைத்ததை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்பதற்கு மாறுகிறது.

பயம் முக்கியம், உடலும் புத்தியும் சிதைவதைக் காண வேண்டும் என்றால் கதூலுவே மேல். ஒரே அடியில் உயிர்ப்புள்ளியில் பாதி போனாலே பெருங்காயம். ஒரே காட்சியில் ஐந்து சித்தப்புள்ளி (மனத்தெளிவை அளக்கும் புள்ளி) போனால் தற்காலிகப் பித்துக்கான சோதனை. புதிர் முக்கியம் என்றால் கம்ஷூ. ஆனால் கம்ஷூவில் எல்லாத் துப்பறியும் திறமையும் குழுவில் யாரிடமாவது இருக்கும்படி கேரக்டர்களைச் சேர்ந்து உருவாக்க வேண்டும். தனித்தனியே வீட்டில் உருவாக்கி வந்தால் ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியாகத்தான் துப்பும் போகும்.

எந்தத் திகில் ஆட்டமானாலும், தொடங்கும் முன் எது வேண்டவே வேண்டாம், எது மேலோட்டமாகப் போதும் என்று எல்லாரிடமும் கேளுங்கள். மேஜை நடுவில் எக்ஸ் எழுதிய ஓர் அட்டை வையுங்கள். யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் காட்சியைத் தாண்டிப் போக வேண்டும்.

எந்த உலகத்துக்கும் பொருந்துபவை

சொந்த உலகம் கையில் இருக்கிறது, அதற்கேற்ற சிஸ்டம் இல்லை என்பவர்களுக்கு மூன்று பெயர்கள் அடிபடும்: கர்ப்ஸ், சாவேஜ் வேர்ல்ட்ஸ், ஃபேட்.

கர்ப்ஸ் 1986இலிருந்து இருப்பது. மூன்று ஆறுமுகப் பகடை, ஸ்கில்லுக்குச் சமமாகவோ கீழேயோ விழ வேண்டும். ஸ்கில் 10க்கு 50 சதவீதம், 12க்கு 74, 14க்கு 91. சண்டையில் ஒரு முறை என்பது ஒரே ஒரு வினாடி. யதார்த்தம் வேண்டும் என்பவர்களுக்கு இது விருந்து. சிக்கல், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று ஜிஎம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்; எல்லா விதியையும் திறந்துவிட்டால் கேரக்டர் உருவாக்கமே ஒரு மாலைப்பொழுதைத் தின்னும். 32 பக்க இலவசச் சுருக்கம் உண்டு. அதோடு தொடங்கி, போதவில்லை என்று தோன்றும் இடத்தில் மட்டும் கூட்டுங்கள்.

சாவேஜ் வேர்ல்ட்ஸ் வேகமும் பரபரப்பும். ஸ்கில் பகடையோடு நாயகர்களுக்கு ஓர் ஆறுமுகப் பகடை உபரி, உயர்ந்தது கணக்கு, இலக்கு 4. ஸ்கில் டி6 இருந்தாலே 75 சதவீத வாய்ப்பு. உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டலாம். அதனால்தான் நீங்கள் மூன்று வாரமாக வளர்த்த வில்லன் முதல் அடியிலேயே சாய்ந்துவிடக்கூடும். காயத்தைத் தாங்க அவருக்குச் சலுகைச் சில்லுகளை மிச்சம் வைத்திருங்கள். சின்ன எதிரிகளுக்கு அவற்றைச் செலவழித்துவிட்டால் கடைசிக் காட்சியில் கை வெறுமையாக இருக்கும்.

ஃபேட்டில் கேரக்டர் என்பதே சில சொற்றொடர்கள். "ஊரெல்லாம் கடன், உள்ளங்கையில் வாள்", "அண்ணன் சொல்லைத் தட்டாதவள்" என்பன போல. சாதகமாக ஒரு ஃபேட் புள்ளி செலவழித்து அதை இழுத்தால் +2; பாதகமாக அது உங்களைச் சிக்க வைத்தால் ஒரு புள்ளி வரவு. நான்கு சிறப்புப் பகடைகளின் மொத்தம் 63 சதவீத நேரம் -1க்கும் +1க்கும் நடுவில்தான் விழும். ஆகவே அந்த +2தான் ஆட்டத்தை முடிவுசெய்யும். நல்ல சொற்றொடர் இருபுறமும் வெட்ட வேண்டும். "சிறந்த வில்லாளி" என்று எழுதினால் அது உங்களை ஒருபோதும் சிக்க வைக்காது, புள்ளியும் வராது, மூன்றாவது செஷனில் ஃபேட் சலிப்பாகிவிடும். ரூல்புக் எந்த மொழியில் இருந்தாலும், மேஜையில் பேசும் மொழியிலேயே இந்தச் சொற்றொடர்களை எழுதுங்கள். வாயில் வராத வாசகத்தை யாரும் ஆட்டத்தின் நடுவில் இழுக்க மாட்டார்கள்.

உலகத்தைப் பொருத்துவது

இப்போதுதான் உலகத்துக்கு வருகிறோம். உலகமும் விதியும் ஒன்றையொன்று தாங்கும்போது ஆட்டம் தானாக ஓடும். பிளேட்ஸின் டாஸ்க்வால் நகரத்தைச் சுற்றி மின்வேலி. வெளியே பேய்கள், சூரியன் உடைந்துபோன இருட்டு. இது வெறும் அலங்காரமில்லை. காவல்துறையின் கெடுபிடி ஏற ஏற, ஊரை விட்டு ஓட முடியாத கும்பல் உள்ளேயே சமாளித்தாக வேண்டும். அதே விதியைத் திறந்த நாட்டுப்புறத்துக்கு மாற்றினால், இரண்டாவது கொள்ளையோடு எல்லாரும் குதிரை ஏறிப் போய்விடுவார்கள், கெடுபிடிக் கணக்குக்கு வேலையே இருக்காது.

1977இல் வந்த ட்ராவலர் இன்னொரு நல்ல உதாரணம். விண்கலத்தின் ஒரு தாவலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். செய்தியும் கலத்தின் வேகத்தில்தான் போகும். ஆகவே தலைநகரின் ஆணை ஓரத்துக்கு வந்து சேர மாதங்கள் ஆகும், ஓரத்தில் இருப்பவர்கள் சொந்தப் புத்தியில் இயங்குவார்கள், ப்ளேயர்களுக்கு இடம் கிடைக்கும். கலத்தைக் கடனில் வாங்கினால் விலையில் 240இல் ஒரு பங்கு மாதத் தவணை, 480 மாதம். அடுத்த சாகசம் எங்கே என்று ஜிஎம் யோசிக்க வேண்டியதில்லை, தவணையே யோசிக்க வைக்கும்.

பொருந்தாமல் போவதற்கு டிஅண்ட்டியின் ஸ்பெல் பட்டியல்தான் தெளிவான சான்று. பசியும் பட்டினியுமான பாலைவன உலகம் என்று அழகாக எழுதி வருவார் ஜிஎம். முதல் லெவல் ட்ரூயிடின் (இயற்கை மந்திரவாதியின்) குட்பெரி ஸ்பெல் பத்துப் பழங்களைத் தரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. பட்டினி அங்கேயே முடிந்தது. கொலைப் புதிர் என்றால், இரண்டாம் லெவல் ஸ்பெல் ஒன்று அதன் வட்டத்தில் சிக்கியவரைப் பொய் சொல்ல விடாது, மூன்றாம் லெவல் ஸ்பெல் ஒன்று பிணத்திடமே ஐந்து கேள்வி கேட்கும். மரணம் கனமாக இருக்க வேண்டும் என்றால், 300 பொன் மதிப்புள்ள வைரம் இருந்தால் செத்து ஒரு நிமிடத்துக்குள் எழுப்பிவிடலாம். இந்த ஸ்பெல்களைத் தடைசெய்வது ஒரு வழி. ஆனால் பத்துக்கு மேல் தடை போட வேண்டி வந்தால் சிஸ்டம் தப்பு என்று பொருள். கீத் பேக்கர் உருவாக்கி 2004இல் வெளிவந்த எபெரான் என்ற டிஅண்ட்டி உலகம் இதை நேர்மாறாகக் கையாள்கிறது: மந்திரம் இவ்வளவு மலிவு என்றால் ரயிலும் தெருவிளக்கும் மந்திரத்தில்தானே ஓடும் என்று கேட்டு, விதியிலிருந்தே உலகத்தைக் கட்டியிருக்கிறது. அதனால் அதில் விதியும் உலகமும் முட்டிக்கொள்வதில்லை.

அச்சில் உள்ள உலகமா, சொந்தமா? ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற பழைய உலகங்களில் பல பத்தாண்டு வரலாறு குவிந்து கிடக்கிறது. நன்றாகப் படித்த ஒரு ப்ளேயர் "அந்த மன்னர் அப்போதே இறந்துவிட்டாரே" என்று திருத்தத் தொடங்கினால் ஜிஎம் வாயடைத்துவிடுவார். முதல் செஷனிலேயே சொல்லிவிடுங்கள்: இந்த மேஜையில் சொல்லப்பட்டதே வரலாறு. பாத்ஃபைண்டரின் கோலாரியன் வேறு மாதிரி; ஒரு நாடு திகிலுக்கு, ஒரு நாடு விழுந்து நொறுங்கிய விண்கலத்துக்கு என்று பிரித்து வைத்திருப்பதால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு மற்றதைப் படிக்காமலே விடலாம். சொந்த உலகம் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஆயிரம் ஆண்டு வரலாற்றில் தொடங்கிக் களைத்துப்போகிறார்கள். ஓர் ஊர், அதில் ஒன்றுக்கொன்று ஆகாத மூன்று கூட்டம், நடந்து ஒரு நாளில் போகக்கூடிய இரண்டு ஆபத்தான இடங்கள். முதல் மூன்று செஷனுக்கு இது தாராளம். ப்ளேயர்களுக்குக் கொடுக்கும் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்க மாட்டார்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை

டிஅண்ட்டியின் அடிப்படை விதிகள், பாத்ஃபைண்டரின் விதிகள், கதூலுவின் அறிமுக நூல், கர்ப்ஸ் சுருக்கம், ஃபேட், கெய்ர்ன் எல்லாம் இணையத்தில் சட்டப்படி இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு சிஸ்டத்துக்கு மேல் சோதிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம்: நாற்பது நிமிடம் கேரக்டர் உருவாக்கம், ஒரு பேச்சுவார்த்தைக் காட்சி, ஓர் ஆபத்தான காட்சி, ஒரு சண்டை. தயார் கேரக்டர்களைக் கொடுத்தால் நேரம் மிச்சம்தான், ஆனால் உருவாக்கும் சிரமம் தெரியாமலே போய்விடும். சண்டையில் ஒருவரின் முறைக்கும் அவரது அடுத்த முறைக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தைத் தாண்டினால் செல்ஃபோன்கள் வெளியே வந்துவிடும். எத்தனை தடவை புத்தகத்தைப் புரட்டினீர்கள் என்பதையும் குறியுங்கள். முதல் தடவை நிறைய இருக்கும், அது தப்பில்லை. ஒரே விதிக்காக மூன்றாவது முறையும் புரட்டினால்தான் கவனிக்க வேண்டும்.

எல்லாரும் போன பிறகு கேரக்டர் ஷீட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தக் கட்டங்களில் பென்சில் எழுதி அழித்து எழுதிய தடம் இருக்கிறது, எவை வெள்ளையாகவே இருக்கின்றன? பாதிக்கு மேல் கட்டங்களை யாரும் தொடவே இல்லை என்றால், நீங்கள் ஆடும் ஆட்டத்துக்கு அந்தச் சிஸ்டம் கனம் கூடியது. இன்னும் இலேசான ஒன்றை எடுங்கள். ஓரத்து வெற்றிடத்தில் "கிடங்குக்காரரிடம் கடன்", "தங்கைக்குத் தெரியக் கூடாது" என்று கட்டமில்லாத குறிப்புகள் நெருக்கியடித்து எழுதப்பட்டிருந்தால், உங்கள் குழு எதை ஆட விரும்புகிறது என்பது அங்கேயே எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்புகளுக்குக் கட்டம் வைத்திருக்கும் சிஸ்டத்தைத் தேடுங்கள்.